பேண்டு அந்தோணி விட்டுப்போன பித்தளை

செத்தவருக்கு நம் அலுவலகம் கொடுக்கிற மரியாதை உயிரோடு இருக்கிற யாருக்கும் கிடைப்பதில்லை. பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று பட்டம் சூட்டுவோம். தனிக் கோப்பு, தனி எண், அலமாரியில் தனி இடம். அவருடைய மனைவி மக்கள் வந்து நின்றால் மட்டும் உட்கார நாற்காலி இருக்காது. வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு இது இன்னும் விசித்திரமாகத் தோன்றும். கொஞ்ச காலம் போனால் தோன்றாது, அதற்காகத்தான் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

இறந்தவர் சொத்தை நிர்வகிக்கிற சட்டத்தை மறுபடியும் திருத்தப் போகிறார்களாம். உங்களையும் கருத்து எழுதச் சொல்லியிருக்கிறார்களாம். உங்களில் ஒருவர் வீட்டுக்கே வந்து, "நீங்க போன சீர்திருத்தத்தை நேர்ல பார்த்தவங்க, ஏதாவது யோசனை சொல்லுங்க மேடம்" என்று கேட்டார். நேரில் பார்த்தேனா? அந்தச் சீர்திருத்தத்துக்கு அரக்கு உருக்கிக் கொடுத்தவளே நான்தான்.

அறுபதுகளின் கதை இது. அதற்கு முன்னால் சென்னையில் ஒருவர் ஒரு தையல் மிஷினை விட்டுவிட்டுச் செத்துப்போனாலும், தகராறு என்று வந்துவிட்டால் அவர் பிள்ளை ஹைகோர்ட் படி ஏற வேண்டும். வழக்கு முடியும் வரை மிஷின் நம் கிடங்கில் இருக்கும். கிடங்கு வாடகை, காவல் கூலி, விளம்பரச் செலவு எல்லாம் சொத்தின் தலையில் விழும். முதலில் நிர்வாகச் செலவு, அப்புறம் கடன் கொடுத்தவர்கள், மிச்சம் இருந்தால் கடைசியில் வாரிசு. வரிசை அதுதான். தண்டையார்பேட்டைத் தையல்காரர் ஒருவரின் மிஷினை அந்த வரிசைப்படி முழுசாகச் சாப்பிட்டுவிட்டு, அவர் மகனிடம் ஒரு ரசீதை நீட்டினோம். ஆனை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். நம் அலுவலகம் முத்திரை வைத்துத் தின்னும்.

இந்தக் கொடுமையைப் பார்த்துத்தான் புதுச் சட்டம் வந்தது. சின்னச் சொத்து என்றால் ஹைகோர்ட்டுக்கு அலைய வேண்டாம், நம் அலுவலகமே விசாரித்துச் சான்று கொடுத்து ஒப்படைத்துவிடலாம் என்பதைத் தாராளமாக்கினார்கள். நல்ல சட்டம், இப்போதும் சொல்வேன். ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. எங்கள் பூசாரி அப்போதைய அதிகாரி. பெயர் வேண்டாம், 'பெரியவர்' என்றே சொல்கிறேன். கெட்டவர் இல்லை. லஞ்சம் வாங்க மாட்டார், பொய் சொல்ல மாட்டார், யோசிக்கவும் மாட்டார். உலகத்தில் அவர் பயந்தது ஆடிட்டுக்கு மட்டும்தான்.

நான் அப்போது இளநிலை எழுத்தர். வியாசர்பாடிக் குடியிருப்பில் வளர்ந்தவள், அப்பா ரயில்வேயில் கலாசி, கடைநிலைத் தொழிலாளி. பெண்பிள்ளை போய்த் தட்டினால் சாவு வீட்டில் கதவைத் திறப்பார்கள் என்று பெரியவர் ஒரு கண்டுபிடிப்பு செய்து வைத்திருந்ததால், முத்திரை வைப்பதற்கும் பொருளைக் கணக்கெடுப்பதற்கும் என்னைத்தான் அனுப்புவார்.

அப்படித்தான் ராயபுரம் கல்மண்டபம் பக்கத்தில் இருந்த பேண்டு அந்தோணியின் வீட்டுக்குப் போனேன். கோயில் திருவிழாவோ கல்யாணமோ சாவோ, அந்தப் பக்கத்தில் எதுவானாலும் அந்தோணியின் பேண்டு செட்டுதான். பகலில் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களும் கட்டுமரத்தில் போகிறவர்களும் சாயங்காலமானால் சிவப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு ஊதுவார்கள். வாத்தியங்கள் எல்லாம் அந்தோணி வாங்கியவை. ஒரு காலையில் டிரம்பெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே மார்பைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டார். உயில் இல்லை. மனைவி முன்பே இறந்திருந்தார். வீட்டில் மிச்சம் இருந்தது பிலோமினா ஒருத்தி.

பிலோமினா அவர் பெற்ற பெண் இல்லை. பேண்டில் டிரம் அடித்த ஒருவரும் அவர் மனைவியும் காய்ச்சலில் அடுத்தடுத்து இறந்தபோது, அவர்களுடைய கைக்குழந்தையை அந்தோணி தம்பதி எடுத்து வளர்த்தார்கள். தெருவுக்கே தெரிந்த விஷயம். யாரும் மறைத்ததில்லை, மறைக்கிற விஷயம் என்று நினைத்ததும் இல்லை. வளர்ந்த பிறகு பேண்டை நடத்தியது அவள்தான். யார் வீட்டுக்கு யார் போவது, எந்தக் கோட்டுக்குப் பொத்தான் இல்லை, எந்த டிரம்முக்குத் தோல் மாற்ற வேண்டும், எல்லாம் அவள் பொறுப்பு. அந்த வாத்தியங்கள் போய்விட்டால் அவளுக்குப் பிழைப்பும் இல்லை, வீடும் இல்லை, அப்பா என்று சொல்லிக்கொள்ள ஒரு பொருளும் இல்லை.

அந்தோணிக்கு ஒரு தம்பி. சவரிமுத்து. அரக்கோணத்தில் ஏதோ கம்பெனியில் குமாஸ்தா. சாவுச் செய்தி கேட்டு அன்றைக்கே வந்தவர், மறுநாள் காலை நம் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தார் என்பதைக் கவனியுங்கள். கையில் டைப் அடித்த மனு இருந்ததால் நாற்காலி கிடைத்தது. 'என் அண்ணனுக்கு மனைவி மக்கள் இல்லை. நானே வாரிசு. வாத்தியங்களை வெளியாட்கள் எடுத்துச் சென்றுவிடும் அபாயம் உள்ளது' என்று மனுவில் இருந்தது. வெளியாட்கள் என்றால் பேண்டுக்காரர்கள்.

பெரியவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. புதுச் சட்டத்தின் வேகத்தை ஊருக்குக் காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் வருமா? தாமே ஓடிப்போய் உத்தரவு வாங்கிவந்தார். நம் அலுவலக வரலாற்றில் அதற்கு முன்னும் பின்னும் எதுவும் அவ்வளவு வேகமாக நடந்ததில்லை. மதியத்துக்குள் நான் அரக்கும் முத்திரையுமாக அந்த வீட்டு வாசலில் நின்றேன்.

முன்கூடத்தில் அந்தோணி பெட்டியில் கிடந்தார். பின்னறையில் வாத்தியங்களைப் பளபளவென்று துடைத்து வரிசையாக வைத்திருந்தார்கள். தங்கள் மாஸ்டரை ஊதி அனுப்புவதற்காகப் பேண்டுக்காரர்கள் சிவப்புக் கோட்டோடு தயாராக நின்றார்கள். நான் பின்னறைக் கதவைச் சாத்திப் பூட்டி, அரக்கை உருக்கினேன்.

கிளாரினெட் வாசிக்கிற தேவசகாயம் அண்ணன்தான் முதலில் புரிந்துகொண்டார். "இன்னா தங்கச்சி இது? நாலு மணிக்கு மாஸ்டர எடுக்கணும். நீ இன்னாடான்னா கதவுல அரக்கு ஊத்திக்கினு கீறே?"

"உத்தரவுண்ணே" என்றேன். வேறு என்ன சொல்வது?

பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த பிலோமினா எழுந்து வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. "சித்தப்பா வேலையாக்கா?" என்று கேட்டாள். தலையாட்டினேன். கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சரி, வெச்சிட்டுப் போ. சாவு வூட்ல சண்டை வாணாம்" என்றாள்.

ராயபுரத்தில் பாதிப் பேரை ஊதி அனுப்பிவைத்த மனிதர் அன்றைக்குச் சத்தமே இல்லாமல் போனார். சிவப்புக் கோட்டுக்காரர்கள் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பின்னால் நடந்தார்கள். நான் அரக்குக் கையோடு தெருவோரம் நின்றேன். சாயங்காலம் பெரியவர் எனக்கு ஒரு பாராட்டுக் குறிப்பு போட்டார்.

பூட்டிய அறைக்கு வாடகை யார் கொடுப்பது என்று வீட்டுக்காரர் கேட்டதும், வாத்தியங்கள் கைவண்டியில் ஏறி, கடற்கரையைப் பார்த்த நம் பழைய கட்டடத்தின் பதிவறைக்கு வந்து சேர்ந்தன. பெரியவர் சொல்லச் சொல்ல நான் பட்டியல் எழுதினேன். 'வளைந்த குழாய், பித்தளை, வாய் அகலமானது, ஒன்று. மேற்படி, மேலும் வளைந்தது, ஒன்று.' பெரிய டிரம்மைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்து, 'இருபுறமும் மூடிய பாத்திரம்' என்று எழுதச் சொன்னார்.

அடக்கம் முடிந்த வாரம் பிலோமினா வந்தாள். கூடத் தேவசகாயம் அண்ணன்.

"உறவு?" என்றார் பெரியவர்.

"பொண்ணு சார்."

"பெத்த பொண்ணா?"

"வளத்த பொண்ணு."

பெரியவர் பேனாவை மூடினார். கிறிஸ்தவர்கள் எடுத்து வளர்த்த பிள்ளைக்கு வாரிசுரிமை கொடுக்க அப்போது சட்டத்தில் இடமில்லை. அதைப் பொறுமையாகவே எடுத்துச் சொன்னார். பாவம், அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும்.

"புச்சா சட்டம் வந்துகீதுன்றாங்களே சார்?" என்று தேவசகாயம் அண்ணன் கேட்டார்.

"வந்திருக்குப்பா. சீக்கிரமாக் கொடுக்கச் சொல்லுது. யாருக்குக் கொடுக்கணும்ங்கிறதைப் பழைய சட்டம்தான் சொல்லும்."

சீர்திருத்தம் என்பதை இவ்வளவு தெளிவாக யாரும் எனக்கு விளக்கியதில்லை. தப்பான ஆளிடம் போய்ச் சேர முன்பெல்லாம் வருஷக்கணக்கில் ஆகும். இனிமேல் மாசக்கணக்கில் ஆகும். உங்கள் கருத்துரையில் இடம் இருந்தால் இதை அப்படியே எழுதுங்கள்.

சவரிமுத்துவை வில்லன் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் ஒரு நாள் என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து மனசு விட்டுப் பேசினார். எப்போதும் பத்திரிகைத் தமிழில்தான் பேசுவார். "என் மூத்த பெண்ணுக்கு வந்த நல்ல வரன்கள் எல்லாம் 'பேண்டு வீடா?' என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டன. சாவுக்கு ஊதுகிற குடும்பம் என்ற பெயரைத் துடைக்க நான் எவ்வளவு பாடுபட்டிருக்கிறேன் தெரியுமா? அந்தப் பித்தளை உருகினால்தான் எனக்குத் தூக்கம் வரும்." உருக்குவதற்கு மூலக்கொத்தளம் பக்கத்தில் ஒரு பழைய பித்தளைக் கடைக்காரரிடம் பேசியும் வைத்துவிட்டார். பிலோமினாவைப் பற்றிப் பேசும்போது மட்டும் பெயர் சொல்ல மாட்டார். 'அந்தப் பெண்' என்பார்.

உரிமை கோருகிறவர்களும் கடன் கொடுத்தவர்களும் வரலாம் என்று விளம்பரம் கொடுத்துக் காத்திருக்க வேண்டிய காலம் ஒன்று உண்டு. அது முடிந்ததும் பித்தளை சவரிமுத்துவுக்குத்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அதற்குள் திருவிழாக் காலம் வரும், கல்யாண மாதம் வரும். ஊதாத பேண்டை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? புளியந்தோப்பிலிருந்தும் பெரம்பூரிலிருந்தும் வேறு செட்டுகள் வந்துவிடும். பிலோமினா இரண்டு நாளுக்கு ஒருமுறை வந்து பதிவறை வாசலில் நின்று, கம்பி வழியாக வாத்தியங்களைப் பார்த்துவிட்டுப் போவாள். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறவரைப் பார்க்க வருவது மாதிரி இருக்கும். நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

ஒரு நாள் பதிவறையில் வேறு கோப்பு தேடப் போனபோது, டிரம்பெட்டின் வாயோரம் பச்சையாகக் களிம்பு பிடித்திருப்பதைப் பார்த்தேன். உப்புக் காற்று அதன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. அப்போதுதான் சட்டப் புத்தகத்தை முதல்முறையாக ஒழுங்காகப் படித்தேன். யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பதை எல்லோரும் எனக்குச் சொல்லியிருந்தார்கள். கொடுக்கிற வரைக்கும் நாம் என்ன செய்ய வேண்டும் என்பதை யாரும் சொல்லவில்லை. பொறுப்பில் எடுத்த சொத்தைக் கெடாமல் பராமரிக்க வேண்டும் என்று இருந்தது. அன்று மாலையே பெரியவருக்கு ஒரு குறிப்பு வைத்தேன். 'பித்தளை வாத்தியங்கள் ஊதப்படாமலும் துடைக்கப்படாமலும் இருந்தால் களிம்பேறி மதிப்புக் குறையும். பின்னர் ஆடிட்டில் கேள்வி எழக்கூடும்.'

முதல் வாக்கியத்தை அவர் படித்தாரோ என்னவோ. இரண்டாவது வாக்கியம் அவரை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டது.

"ஊதித்தான் ஆகணுமா?"

"ஊதலைன்னா அடைச்சுக்கும் சார்."

"நம்ம ஆபீஸ்ல யாருக்காவது ஊதத் தெரியுமா?"

விசாரித்தோம். தபால் பிரிவு எழுத்தர் ஒருவருக்குப் புல்லாங்குழல் தெரியுமாம். அதைப் பரிசீலித்து நிராகரித்துவிட்டு, பழைய பேண்டுக்காரர்களையே வாரம் ஒருமுறை வரவழைக்கப் பெரியவர் ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரு நிபந்தனை. பாட்டு கூடாது, காற்று மட்டும் ஊத வேண்டும்.

"காத்து மட்டும் ஊத்றதுக்கு நாங்க இன்னா பஞ்சர் கடையா?" என்று தேவசகாயம் அண்ணன் கோபித்துக்கொண்டார். ஆனாலும் வந்தார்கள். காற்று மட்டும்தான் ஊத ஆரம்பித்தார்கள், கொஞ்ச நேரத்தில் அது தானாகவே கல்யாணப் பாட்டாக மாறிவிட்டது. மாடியில் பாகப்பிரிவினை விசாரணைக்கு வந்திருந்த அண்ணன் தம்பிகள், கீழே யார் வீட்டு விசேஷம் என்று எட்டிப் பார்த்தார்கள். பக்கத்து அலுவலகத்திலிருந்து புகார்க் கடிதம் வந்தது. பெரியவர் உடனே உத்தரவு போட்டார்: 'இனிப் பராமரிப்புப் பணி அலுவலகத்துக்கு வெளியே, பொதுமக்களுக்குத் தொந்தரவு இல்லாத பொருத்தமான இடத்தில், அலுவலகப் பணியாளர் மேற்பார்வையில் நடைபெற வேண்டும்.'

அந்த உத்தரவை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். பேண்டு சத்தம் தொந்தரவு இல்லாத இடம் எது? கல்யாண வீடு, கோயில் திருவிழா, சாவு வீடு. அங்கெல்லாம் அது இல்லாவிட்டால்தான் தொந்தரவு. ஆனால் சவரிமுத்து ஒரு கேள்வி கேட்டால் என் வேலை போய்விடும். வீட்டில் ஓய்வுபெற்ற அப்பா, படிக்கிற இரண்டு தங்கைகள், வருமானம் என் ஒருத்தியுடையது. பயமாகத்தான் இருந்தது. வாத்தியத்துக்கென்று வாடகை வாங்கினால் அது சொத்தின் வருமானம், வாரிசைச் சேரும். ஊதுகிற ஆளுக்குக் கூலி கொடுத்தால் அது ஆளுக்கும் கல்யாணக்காரருக்கும் உள்ள விஷயம். இதை மூன்று தடவை எழுதிப் பார்த்தேன், எங்கேயும் ஓட்டை தெரியவில்லை. பெரியவரிடம் காட்டினேன். வாடகை கிடையாது, பராமரிப்பு மட்டும் என்று எழுதியிருந்ததால் அவர் நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே முதல் பராமரிப்பு காசிமேட்டுக் கல்லறையில், அந்தோணியின் முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் நடந்தது. அடக்கத்தன்று ஊத முடியாததையெல்லாம் சேர்த்து ஊதினார்கள். பிலோமினா அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதாள், நானும் அழுதேன். கோப்பில் 'வாத்தியங்கள் நல்ல நிலையில் இயங்கின' என்று எழுதினேன்.

அதற்கப்புறம் நான் மேற்பார்வை செய்யாத கல்யாணம் ராயபுரத்தில் இல்லை. 'பராமரிப்பு நடைபெற்ற இடம்: மணமகள் இல்லம். வந்திருந்தோர் ஆட்சேபிக்கவில்லை' என்று எழுதிவிட்டுப் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வருவேன். முகத்துவாரக்குப்பத்தில் ஒரு திருவிழாவுக்குப் போய் மழையில் மாட்டிக்கொண்டு, பெரிய டிரம்மை நானே முந்தானையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஊதுவதற்கு ஆள் கிடைத்தாயிற்று. துடைப்பதற்கு? ஒவ்வொரு தடவையும் ஊதி முடித்த பிறகு பிலோமினா புளியும் சாம்பலும் போட்டு எல்லா வாத்தியத்தையும் தேய்ப்பாள். அதற்கு ரசீது எழுதிக் கொடு என்று சொன்னேன்.

"எங்க சாமான எங்க கையால தேய்க்கிறதுக்கு உங்களாண்ட துட்டு கேக்கணுமா? போக்கா!"

"கேளு மே. நான் சொல்றேன், கேளு."

வேண்டாவெறுப்பாக எழுதிக் கொடுத்தாள். இப்போது என்ன விகிதத்தில் கூலி கொடுப்பது என்ற கேள்வி. பித்தளை தேய்ப்பதற்கு அரசாங்கத்தில் ஒரே ஒரு விகிதம்தான் இருந்தது. அதிகாரிகளின் அறைக் கதவில் மாட்டியிருக்கிற பித்தளைப் பெயர்ப்பலகைக்கானது. சதுர அங்குலத்துக்கு இவ்வளவு என்று பெரிய மனசோடு நிர்ணயித்திருந்தார்கள். அதிகாரியின் பெயர் ஆயிற்றே! பெரியவர் அதையே எடுத்துக்கொள்ளச் சொன்னார். நானும் பியூனும் தையல்காரர் டேப்பை வைத்துக்கொண்டு ஒவ்வொரு குழாயையும் சுற்றிச் சுற்றி அளந்தோம். தோளில் மாட்டுகிற அந்தப் பெரிய குழாய் இருக்கிறதே, அதைப் பிரித்து நீட்டினால் நம் துறையின் மொத்த அதிகாரிகளுக்கும் பெயர்ப்பலகை செய்யலாம். கூலியைச் சொத்திலிருந்துதான் கொடுக்க வேண்டும், சொத்தில் ரொக்கம் கிடையாது. ஆகவே பிலோமினாவுக்குக் கொடுக்க வேண்டியது என்று அது வாரா வாரம் ஏறிக்கொண்டே போனது.

சட்டத்தை வளைத்தேனா என்று கேட்பீர்கள். ஒரு வரியையும் வளைக்கவில்லை. நிர்வாகச் செலவு என்ற வாய் அந்தத் தையல்காரர் மகனை மாதிரி எத்தனையோ பேரைத் தின்றது. அதே வாயை இந்த ஒரு தடவை வேறு பக்கம் திருப்பி வைத்தேன். புதுச் சட்டத்திலும் அந்த வரிசையை யாரும் தொடவில்லை. அது எனக்கு உதவியது என்பதற்காக அதை நியாயம் என்று சொல்ல மாட்டேன். உங்கள் கருத்துரையில் வாரிசை முதலில் போடச் சொல்லுங்கள், வாரிசு யார் என்பதையும் கொஞ்சம் மனுஷத்தனமாக எழுதச் சொல்லுங்கள்.

கெடு முடிந்த நாள் சவரிமுத்து வந்தார். பித்தளைக் கடைக்காரரும் தராசோடு வந்து கீழே வாசலில் நின்றார். பெரியவர் கோப்பை விரித்து, தன் பணிக்காலத்திலேயே இவ்வளவு நேர்த்தியாகப் பராமரிக்கப்பட்ட சொத்து வேறு இல்லை என்று பெருமையோடு சொன்னார். அப்புறம் செலவைச் சொன்னார்.

சவரிமுத்துவின் முகம் வெளுத்தது. "கடைக்காரர் சொன்ன விலையைவிட இது அதிகமாக இருக்கிறதே ஐயா!"

"ஆமாம். செலவைக் கட்டிட்டீங்கன்னா சாமான் உங்களோடது."

"என் அண்ணன் சொத்தை வாங்க நான் என் கைக்காசைப் போட வேண்டுமா? இது எந்த ஊர் நியாயம்?"

"எல்லா வாரிசுக்கும் இதான் சார்" என்றேன் நான். "எல்லாரும் இந்தக் கேள்வியைக் கேட்டுட்டுத்தான் போனாங்க."

கட்ட மாட்டேன் என்று அவரே கோபத்தில் எழுதிக் கொடுத்தார். அப்படியானால் செலவுக்கு ஈடாகப் பொருளைக் கடன் கொடுத்தவரிடம் ஒப்படைப்பது முறை; கூலி பாக்கி நிற்கிறவரும் சட்டத்தின் கண்ணில் கடன் கொடுத்தவர்தான். பெரியவர் அதற்கான சான்றைத் தயாராக்கினார். பிலோமினாவைக் கூப்பிட்டு, அதை எதிரில் வைத்து, கையெழுத்துப் போடச் சொன்னேன்.

அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். 'இறந்தவருக்கு என்ன உறவு' என்ற இடத்தில் 'கடன் கொடுத்தவர்' என்று இருந்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"எங்க நைனாவுக்கு நான் இன்னாக்கா குடுத்தேன்? சோறு குடுத்தது அவரு, துணி குடுத்தது அவரு, பேரு வெச்சது அவரு. இதுல கையெழுத்துப் போட்டா நான் அந்தக் கல்லறைக்கு எந்த மூஞ்ச வெச்சிக்கினு போவேன்? மாட்டேன்."

"பிலோ, கீழ தராசு நிக்குது."

"நிக்கட்டும். பொண்ணுன்னு போடு, போடறேன்."

"முடியாதும்மா" என்றார் பெரியவர். "அப்படிப் போட்டால் சான்றே செல்லாது."

அறையில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இத்தனை மாசமும் நான் அடுக்கியது அந்த ஒரு வார்த்தையில் இடிந்துவிழப் பார்த்தது. அவள் மேல் கோபம் வந்தது. அவள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லையே என்பதால் அழுகையும் வந்தது. அலுவலகத்தில் அத்தனை வருஷமாக மறைத்து வைத்திருந்த என் வியாசர்பாடித் தமிழ் தானாக வெளியே வந்தது.

"இத பாரு மே. நீ யாருன்னு சொல்ற காயிதம் இது இல்ல. சாமான் யார் வூட்டுக்குப் போவணும்னு சொல்ற காயிதம். அவ்ளோதான்."

"அப்ப நான் யாருன்னு சொல்ற காயிதம் எந்த ரூம்ல கீதுக்கா? சொல்லு, போய் வாங்கிக்கினு வரேன்."

பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கதவருகில் நின்ற தேவசகாயம் அண்ணன்தான் மெதுவாகச் சொன்னார்: "போட்று கண்ணு. கொடியேத்தம் வருது. நாம ஊதலன்னா வேற எவனாவது வந்து ஊதுவான். மாஸ்டருக்கு அது தாங்காது."

பிலோமினா பேனாவை எடுத்தாள். காகிதத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். போட்டு முடித்ததும் பேனாவை மேஜையில் ஓங்கி வைத்தாள், மை தெறித்துப் பெரியவரின் சட்டையில் விழுந்தது.

அதுவரைக்கும் மூலையில் உட்கார்ந்திருந்த சவரிமுத்து எழுந்தார். அவருடைய பத்திரிகைத் தமிழ் எங்கே போனதோ தெரியவில்லை.

"பார்ரா திமிர! அப்பனாட்டமே கீது! அவனும் இப்டித்தான், புட்ச்ச புடிய வுடவே மாட்டான். நடை, மொறைக்கிற மொறைப்பு, எல்லாம் அப்டியே அப்பன உரிச்சி வெச்சிகினு..."

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். பிலோமினா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் விடுவிடுவென்று படியிறங்கிப் போனார்.

நான் ஒரு வெள்ளைக் காகிதத்தை உருவிக்கொண்டு எழுந்தேன். "இரு பிலோ, ஓடிப்போய் சொன்னத அவரு கையால எழுதி வாங்கிக்கினு வந்துர்றேன்."

அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வுடுக்கா" என்றாள். "எனக்குக் கேட்டுச்சி."